உவரிக் கடல்நீரும் ஒரு கண்ணாடிப் புட்டியும்

நெல்லைச் சீமை மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி உவரிக் கடல் அமிலமாகி வருவதைப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று அளக்க முடியுமா? முடியும், தண்ணீர் எடுக்கத் தெரிந்தால்.

தொழிற்புரட்சிக்கு முன் உலகக் கடல் மேற்பரப்பின் பிஎச் (அமில-கார அளவு, இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) சராசரியாகச் சுமார் 8.2, இன்று 8.1 அளவில் இருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். ஒன்று இறங்கினால் பத்து மடங்கு என்று போகும் மடக்கை அளவு என்பதால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி கால்பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. சங்கும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது.

சாதாரண பிஎச் மீட்டர் இதற்கு ஆகாது. அதைச் சரிபார்க்கும் 4, 7, 10 கரைசல்களில் உப்பு குறைவு. கடல்நீரில் மின்முனை பிசகும். மெட்டா கிரெசால் பர்ப்பிள் சாயத்தைச் சிறிதளவு கலந்து, 434, 578 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை நிறமாலை ஒளிமானியில் பார்ப்பதே நம்பகமான வழி. சுத்திகரித்த சாயமாக வாங்குங்கள். சாதாரணச் சாயத்தின் கலப்பு கணக்கைக் கெடுக்கும்.

இனி புட்டி. 500 மில்லி போரோசிலிகேட் கண்ணாடி. குழாயை அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, இன்னொரு புட்டியளவு நீர் வழிந்தோட விடுங்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் காற்றோடு கார்பன் டை ஆக்சைடு கைமாறிவிடும். பிறகு 5 மில்லி நீரை எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் நீர் விரிந்து மூடியைத் தள்ளும். மெர்க்குரிக் குளோரைடு நிறைகரைசல் 0.1 மில்லி சேர்த்து இறுக மூடுங்கள். சேர்க்காவிட்டால் நுண்ணுயிர்களின் சுவாசமே அளவை மாற்றிவிடும். இது கொடிய நஞ்சு, ஐயா! கையுறை கட்டாயம், கழிவு ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது.

வெப்பநிலையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு டிகிரி ஏறினால் பிஎச் சுமார் 0.015 இறங்கும். 30 டிகிரியில் அளந்துவிட்டு 25 என்று எழுதினால் பிழை 0.075. தொழிற்புரட்சி முதல் நடந்த மாற்றத்தில் முக்கால் பங்கு அது!

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் உப்பளவையும் காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) கூடவே அளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் இரண்டையும் குறைத்துவிடும். ஆறு செய்ததைக் கடல் அமிலமாதல் என்று எழுதிவிடக் கூடாது.

வளரும் நாடுகளில் கருவி வந்து இறங்கிய பிறகுதான் செலவே தொடங்குகிறது. நம் அளவீடு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும், அளவு முன்பே உறுதிசெய்த சான்றுக் கடல்நீர் பெரும்பாலும் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலிருந்து வர வேண்டும். அதற்கும் சாயத்துக்கும் உதிரி விளக்குக்கும் நிதி கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், அவர் வேலை மாறிய அன்றே அளவீட்டு வரிசை அறுந்துவிடும். இருவருக்காவது கொடுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், இரண்டு புட்டி. இரண்டின் பிஎச்சும் 0.02க்குள் ஒத்துவராவிட்டால், ஒத்துவரவில்லை என்றே ஏட்டில் எழுதுங்கள்.