யன்னலோரமே போதும்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மணமகளின் படம் சிறப்பது கடற்கரையிலா, வீட்டு யன்னலோரத்திலா என்பது இன்றைய கேள்வி. யன்னலோரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகள் இருக்கிற நம் திருகோணமலையில் பெண்ணை அறைக்குள் நிறுத்தியா படம் எடுப்பது?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நானும் இந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் தம்பி, நம் கடல் கிழக்கே இருக்கிறது. உப்புவெளி மணலில் இதமான வெளிச்சம் விழுவது காலை ஆறு மணிக்கு. அந்த நேரம் பெண் தலைக்குப் பூ வைக்க உட்கார்ந்திருப்பாள். மாலையிலோ சூரியன் கடலில் இறங்காது, ஊர்ப்பக்கம் போய்விடும். தாலி கட்டி, பெரியவர்களிடம் ஆசி வாங்கிக் கடற்கரைக்குப் போனால் உச்சி வெயில். ஆவணிக் கல்யாணமென்றால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. கண்குழியில் கறுப்பு நிழல், மூக்கின் கீழே இன்னொரு நிழல். கூறைச்சேலையோடு வியர்த்துக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையிடம் எப்படிச் சிரிப்பை வாங்குவது?

இப்போது அறைக்குள் வாருங்கள். முதல் வேலை, ரியூப் லைட்டை அணைப்பது. அதன் நிறமும் பகல் வெளிச்சத்தின் நிறமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். நேர்வெயில் விழும் யன்னலென்றால் மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். இல்லையென்றால் வெயில் விழாத பக்கத்து யன்னலுக்குப் போங்கள். பெண்ணை யன்னலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால் ஒரு கன்னம் ஒளிர்ந்து, மறு கன்னம் மெல்ல இருளும். இருள் கூடிப்போனால் மாப்பிள்ளையின் தம்பியைக் கூப்பிட்டு ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், போதும். நெற்றிச்சுட்டியும் தாலிக்கொடியும் பிளாஷ் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். யன்னல் வெளிச்சத்தில்தான் அவற்றின் செதுக்கு வேலை தெரியும்.

யன்னலோரத்தில் கற்பனைக்கு இடமில்லை என்றார்கள் எதிரணியினர். பெண்ணை யன்னலுக்கு முன்னால் நிறுத்தி, வெளியே உள்ள பிரகாசத்துக்குக் கமராவின் வெளிச்ச அளவை அமைத்தால் அவள் முழு நிழலுருவாகிறாள். முகத்துக்கு அமைத்தால் யன்னல் வெளுத்து, வெள்ளொளிக்குள் அவள் மட்டும் நிற்கிறாள். அப்புறம் அலுமாரிக் கண்ணாடி இருக்கிறது, கதவிடுக்கு இருக்கிறது. ஒரே யன்னல்தான், எத்தனை படங்கள்!

நம் ஊர்ப் பிரெட்றிக் கோட்டையையும் தம்பி இழுத்தார். ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டியது 1665இல். அதே காலத்தில் அவர்களுடைய நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் வெர்மீர் என்ற ஓவியர் யன்னலோரப் பெண்களைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். கோட்டையைவிட, அந்த ஓவியங்களின் யன்னலைத்தான் உலகம் இன்றும் தேடிப் போய்ப் பார்க்கிறது.

கடைசியாக ஒன்று. என் தங்கைக்குத் தை மாதத்தில் கல்யாணம். விடியமுதலே மழை, கடற்கரைப் படப்பிடிப்பு நின்றுபோனது. அழுதுகொண்டு அறைக்குள் வந்தவளை அம்மம்மா கட்டிலோரம் இருத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார். அம்மம்மாவுக்கு நடக்க முடியாது. எந்தக் கடற்கரைக்கும் அவர் வந்திருக்க மாட்டார். மழை வெளிச்சம் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. அந்தப் படத்தைத்தான் தங்கை பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.