மணல் புகுந்த வைர நகரம்: கோல்மன்ஸ்கொப்பைப் படம் பிடிப்பது எப்படி?

[காட்சி: பாதிக் கதவு வரை மணல் ஏறிய நீல அறை]

மட்டக்களப்பிலிருந்து வணக்கம். இந்த அறையை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். இது நமீபியாவில், லூடெரிட்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பாலைவனத்துக்குள் இருக்கும் கோல்மன்ஸ்கொப். வைரம் எடுத்த ஊர். 1956இல் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்.

[காட்சி: மணல் மூடிய தண்டவாளம்]

1908இல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளிதான் முதல் கல்லைக் கண்டவர். மேலதிகாரி அவுகுஸ்ட் ஷ்டௌக்கிடம் அதைக் கொடுத்தார். ஷ்டௌக் கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்கு ஒரு வெகுமதியும் கிடைக்கவில்லை. எனக்கு இந்த ஊரின் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான்.

பாலைவனத்து நடுவில் ஆஸ்பத்திரி, நடன மண்டபம், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் வந்தன. ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே இயந்திரம், தொழிலாளர் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் பயன்பட்டது. 1928இல் தெற்கே ஒரேஞ்ச் ஆற்றுப் பக்கம் இதைவிடப் பெரிய வைரப் படிவுகள் கிடைத்தன. அதோடு ஊர் கலையத் தொடங்கியது.

[காட்சி: யன்னல் வழியே சரிவாக விழும் காலை வெயில்]

இனிப் படம் பிடிப்பது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். வழமையான நேரத்துக்கு வெளியே நிற்க வேண்டுமென்றால் படப்பிடிப்புக்கான தனி அனுமதி எடுக்க வேண்டும். எடுப்பது நல்லது. வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் மணலின் அலைக்கோடுகள் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

அறைக்குள் உடனே காலை வைக்காதீர்கள்! வாசலில் நின்றே முதல் படத்தை எடுங்கள். ஒருமுறை நடந்துவிட்டால் அந்த அறை முழுக்க உங்கள் காலடிதான். யன்னல் வெளிச்சமும் அறை இருட்டும் ஒரே படத்தில் அடங்காது. ட்ரைபொட்டில் கமராவை வைத்து, வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் எடுத்துப் பிறகு சேருங்கள். காற்றில் லென்ஸ் மாற்றவே கூடாது. நம் கல்லடிக் கடற்கரையில் படம் எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

நீல, பச்சைச் சுவர் வீடுகள் பெரும்பாலும் முகாமையாளர், வைத்தியர், ஆசிரியர் இருந்தவை. வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட ஒவாம்போ இனத் தொழிலாளர்கள் நெருக்கமான தனிக் குடியிருப்புகளில் இருந்தார்கள். அழகான படங்களில் அவர்கள் வருவதேயில்லை. கமராவோடு போகிறவர் அந்தப் பக்கமும் திரும்ப வேண்டும், படத்தின் கீழே அவர்களைப் பற்றி எழுத வேண்டும்.

[காட்சி: நாவலடி, ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி]

இங்கே மட்டக்களப்பிலும் அதே கடமைதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி மக்கள் பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். நாவலடியில் இடிந்த வீடொன்றைப் படம் எடுக்க நினைத்தால், முதலில் திராய்மடுவுக்குப் போய் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், குசினி எந்தப் பக்கம், கிணறு எங்கே, யார் யார் இருந்த வீடு என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி, படத்தோடு சேர்த்துப் போடுங்கள்.