'ச' எங்கே போனது?

வணக்கம். மொழிபெயர்ப்பு என் தொழில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தட்டச்சுதான். போன வருஷம் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. சாதாரண கீபோர்டில் இரண்டு கையும் நடுவில் நெருங்கி வந்து, மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. விசை வரிசைகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி இருப்பதும் நம் விரல்களுக்காக இல்லை. பழைய டைப்ரைட்டரின் உள்கம்பிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

சரி, நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். கோர்னே என்று ஒரு வடிவமைப்பு. ஜப்பான்காரர் ஒருவர் உருவாக்கி, வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். கீபோர்டு இரண்டு துண்டாக இருக்கும். தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு 21 விசை, மொத்தம் 42. ஒரே சர்க்யூட் போர்டைத் திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். நான் கேட்ட இடத்தில் ஐந்துக்குக் குறைந்து போர்டு அடித்துத் தரவில்லை. மிச்சத்தில் ஒன்றின் மேல் இப்போது காபி டம்ளர் வைக்கிறேன்.

அப்புறம் சால்டரிங், அதாவது ஈயம் உருக்கி ஒட்டுவது. விசைக்கு ஒரு டயோடு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம், குருணை அரிசி அளவு. விசைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டி இணைந்திருப்பதால், டயோடு இல்லையென்றால் ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளைச் சேர்த்து அழுத்தும்போது, தொடாத நாலாவது மூலையும் அழுந்தியதாகக் கணக்காகிவிடும். டயோடின் தலையில் மெல்லிய கோடு ஒன்று உண்டு. அது எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும். நான் ஒன்றை மாற்றி வைத்துவிட்டேன். அந்த விசை மட்டும் ஊமை. மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துக் கழற்றுவதற்குள் ஒரு ஞாயிறு போய்விட்டது.

எல்லாம் முடிந்து, ஆசையாக முதல் வார்த்தை அடிக்கப் போனேன். 'சரி' என்று. 'ச'வைக் காணோம்!

நான் அடிப்பது தமிழ்99. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு முறை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். அதில் 'ச', 'ஞ' இரண்டும் ஆங்கில 'P'க்கு வலப்பக்கம் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கோர்னேயில் 'P'க்கு அப்புறம் ஒரே ஒரு விசைதான், அதிலும் அழிப்பான் (பேக்ஸ்பேஸ்). ஆங்கிலக்காரருக்கு அங்கே போவது வெறும் அடைப்புக்குறி. நமக்கோ சோறும் சாம்பாரும் போய்விடுகிறது.

கடையில் வாங்கிய கீபோர்டாக இருந்தால் புலம்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இதற்குள் ஓடுவது க்யூஎம்கே என்னும் இலவச நிரல். எந்த விசை எதை அனுப்ப வேண்டும் என்பது ஒரு கோப்பில் எழுத்தாகவே இருக்கிறது. அழிப்பானைக் கட்டைவிரலுக்கு இறக்கினேன், காலியான இடத்தில் 'ச'. பத்து நிமிஷ வேலை.

'ஞ'வுக்குத்தான் தனி இடம் கிடைக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திக்கொண்டு 'ச'வைத் தட்டினால் வரும். 'மஞ்சள்' என்று எழுதும்போது மட்டும் இன்றைக்கும் அரை நொடி நிற்கிறேன்.