பூனைய விரட்டறத விட்டுட்டு கூண்ட பாருங்க

வணக்கம் நேயர்களே. வீட்டுக்குப் பின்னாடி நாலு கோழி வளக்கறவங்ககிட்ட பூனைன்னு பேச்செடுத்தா போதும், அரை மணி நேரம் திட்டித் தீர்ப்பாங்க. அந்தத் திட்டுல பாதிதான் நியாயம், ஏன்னா வேற யாரோ செஞ்ச கொலைக்கெல்லாம் பூனை தலையில பழி விழுது. அதனால என்கிட்ட வந்து பூனை தூக்கிட்டு போயிடுச்சுன்னு சொல்றவங்கள நான் முதல்ல கேக்கறது, போனது குஞ்சா பெரிய கோழியா, அங்க மிச்சம் என்ன கிடந்துச்சு?

நல்லா வளந்த பெட்டைக்கோழிய பெரும்பாலான பூனை தொடாது. அது றெக்கைய விரிச்சு சிலுப்பிக்கிட்டு வந்து நாலு கொத்து கொத்தினா பூனைக்கே சங்கடம், அதுலயும் குஞ்சோட இருக்கற தாய்க்கோழின்னா கேக்கவே வேணாம், நாயையே துரத்தும். ஆபத்து யாருக்குன்னா ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குஞ்சு, காடை, புறா, குட்டை ரகக் கோழி, அப்புறம் நோவு வந்து ஓரமா ஒடுங்கி உக்காந்திருக்கற கோழி. குஞ்சுன்னா பூனை பெரும்பாலும் அப்படியே கவ்விக்கிட்டு போயிடும், கொஞ்சம் பெருசுன்னா கறிய தின்னுட்டு இறகையும் றெக்கையையும் சிதறிப் போட்டிருக்கும். ஒரே ராத்திரில கழுத்துல கடிபட்டு மூணு நாலு செத்துக் கிடக்குதா, கீரிய சந்தேகப்படுங்க. திங்காம கொன்னு அங்கங்க போட்டிருந்தா நாய். ஒரு இறகு கூட விழாம குஞ்சு மட்டும் குறையுதுன்னா பாம்பா இருக்கலாம், பட்டப்பகல்ல வெட்டவெளியில காணாம போனா பருந்து இல்லனா காக்கா. எலி கூட சின்னக் குஞ்ச வளைக்குள்ள இழுத்துட்டு போகும், இத நிறைய பேர் நம்பறதே இல்ல.

சரி பூனைதான்னு தெரிஞ்சிடுச்சு, இப்ப என்ன செய்யறது? கட்டைய எடுத்துக்கிட்டு காவல் இருக்கறதுல பிரயோஜனம் இல்ல. கம்பி வலைய பாருங்க. கடையில கோழி வலைன்னு குடுக்கறாங்களே, அந்த ஆறுமூலை ஓட்டை வச்ச மெல்லிசு கம்பி, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், வெளிய இருக்கறது உள்ள வராம இருக்க இல்ல. பூனை அந்த ஓட்டைக்குள்ள கைய விட்டு பக்கத்துல தூங்கற குஞ்ச இழுக்கும், முழுசா இழுக்க முடியலன்னா கால கிழிச்சிட்டு போயிடும். அதனால வெல்டு மெஷ், அதாவது கம்பிங்கள பத்தவச்சு செஞ்ச கெட்டி வலை, ஓட்டை அரை இஞ்ச், கூண்டு முழுக்க போட வசதி இல்லன்னா கூட கீழ இருந்து ரெண்டு அடி உயரத்துக்காவது போட்டுடுங்க. உள்ள கோழி உக்கார்ற கம்பும் வலைய ஒட்டி இருக்கக்கூடாது, ஒரு அடி தள்ளி இருந்தா கை எட்டாது. சுத்தி ஆறு அடிக்கு வேலி போட்டுட்டு மேல திறந்து விட்டா நாய்க்கு வேணா அது வேலி, பூனைக்கு அது படிக்கட்டு. நின்ன இடத்துல இருந்து அஞ்சு அடி சாதாரணமா தாவும், மரக்கம்பம் இருந்தா நகத்த போட்டு ஏறிடும். அப்ப மேல மூடியே ஆகணும், நூல் வலைய தொங்கலா போட்டா பூனை அதுமேலயே படுத்துக்கும், அதனால இழுத்துக் கட்டுங்க, இல்லனா கம்பி வலை போடுங்க. கதவு இடுக்கும் முக்கியம், தலை நுழைஞ்சா ஒடம்பு நுழைஞ்சிடும், குட்டிப்பூனைக்கு ரெண்டு இஞ்ச் இடைவெளியே தாராளம். கொக்கி மட்டும் மாட்டறதுக்கு பதிலா தூக்கி இழுத்து திறக்கற மாதிரி தாழ்ப்பாள் போடுங்க. பஞ்சாரத்துல கவுத்து வைக்கறவங்க மேல ஒரு கனமான கல்ல வச்சிடுங்க, இல்லனா பூனை அத புரட்டிடும். ஆனா பயந்துபோய் நாலு பக்கமும் பலகை அடிச்சு காத்து வராம பண்ணிடாதீங்க, சூட்டுலயும் எச்சத்தோட நெடியிலயும் குஞ்சு சாகறதுக்கு பூனையே தேவலாம்.

நேரமும் ஒரு விஷயம். பூனை அதிகமா வேட்டையாடறது விடியகாலையிலும் பொழுது சாயும்போதும். கோழிக்கு இருட்டுனா கண்ணு சரியா தெரியாது, தப்பிக்கத் தெரியாம உக்காந்த இடத்துலயே இருக்கும். அதனால கோழி அடையற நேரத்துல எண்ணிப் பாத்து பூட்டறது, நல்லா வெளிச்சம் வந்தப்புறம் திறக்கறது. புரூடர்ல, அதாவது குஞ்சுக்கு சூடு குடுக்கற பெட்டியில, பல்பு போட்டு வளத்தா பெட்டிக்கு வலை மூடி கட்டாயம், பூனை குதிச்சு பல்ப தட்டி விட்டா குஞ்சு மட்டுமில்ல, பெட்டியே தீப்பிடிக்கும்.

பூனை எதுக்கு உங்க வீட்டுப் பக்கமே சுத்துது? பல வீட்டுல அது வர்றது கோழிக்காக இல்ல, எலிக்காக. ராத்திரி தீவனத்த அப்படியே விட்டு வைக்கறீங்க, எலி வருது, எலிய தேடி பூனை வருது, வந்த இடத்துல குஞ்சு கண்ணுல படுது. தீவனத்த பொழுதோட எடுத்து மூடி போட்ட டின்னுல வைங்க. விஷம் வைக்கற யோசனைய மட்டும் விட்டுடுங்க, பல நாட்டுல அது குற்றம், அதோட அந்த விஷத்த உங்க கோழியும் திங்கும், பக்கத்து வீட்டு நாயும் திங்கும். ஒரு பூனைய பிடிச்சு எங்கயாவது விட்டாலும் சாப்பாடு இருக்கற இடத்துக்கு இன்னொண்ணு வரும். தெருப்பூனைகளுக்கு கருத்தடை பண்ணி அதே இடத்துல விடறதுதான் மெதுவா பலன் தரும், புதுக் குட்டிங்க பெருகாது.

வளப்புப் பூனைன்னா அவங்க வீட்டுல போய் சண்டை போடாம பேசுங்க. 2021ல இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க 355 பூனைகள வச்சு பாத்தாங்க. கறி அதிகமா இருக்கற உணவு குடுத்தா பூனை பிடிச்சிட்டு வர்ற இரை 36 சதவீதம் குறைஞ்சுது, தினமும் அஞ்சு பத்து நிமிஷம் அதோட விளையாடினா 25 சதவீதம் குறைஞ்சுது. பளிச்சுனு கலர் துணி காலர் போட்டதுல பறவைங்க பிடிபடறது 42 சதவீதம் குறைஞ்சுது. எல்லாரும் கழுத்துல கட்டச் சொல்ற மணி இருக்கே, அதுல சொல்லிக்கற மாதிரி பலன் இல்ல! இதெல்லாம் வெளிய திரியற பறவை, எலி மாதிரி இரைய வச்சு பாத்த கணக்குதான், கூண்டுக்கு மாத்து ஆகாது, ஆனா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேக்கறதுக்கு ஒரு நல்ல விஷயம் கைல இருக்கு.

பூனைய விரட்ட ஆரஞ்சு தோல் போட்டா ஒரு ரெண்டு நாள் வேலை செய்யும், அவ்வளவுதான். நாப்தலின் உருண்டை வேணாம், அது கோழிக்கும் குழந்தைக்கும் விஷம். எதாவது அசைஞ்சா தண்ணி பீச்சற சென்சார் ஸ்பிரிங்ளர் மட்டும் ஓரளவு நம்பலாம்.

கோழி மண் குளிக்கற குழிய பூனை கக்கூஸா பயன்படுத்தும், அதுல டாக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி வரலாம், ராத்திரி அத மூடி வைங்க, கர்ப்பிணிங்க அந்த மண்ண கையால அள்ள வேணாம்.

கடிபட்டு தப்பிச்ச கோழி நல்லாத்தான் நடக்குதேன்னு விட்டுடாதீங்க. பூனை எச்சில்ல பாஸ்டுரெல்லான்னு பாக்டீரியா இருக்கு, ஊசி குத்தின மாதிரி சின்ன காயம் போதும், ஒண்ணு ரெண்டு நாள்ல கோழி சாஞ்சிடும். சுத்தமான உப்புத் தண்ணியில கழுவி, தனியா கதகதப்பா வச்சு, அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆன்டிபயாடிக் தேவைப்படும். நோவுல செத்த கோழிய பூனைக்கு தூக்கிப் போடறதும் கூடாது, பறவைக் காய்ச்சல் வந்த கோழிய தின்ன பூனைக்கு அதே காய்ச்சல் வந்து செத்திருக்கு. ஆழமா குழி தோண்டி புதைச்சிடுங்க, ஒரே நேரத்துல நிறைய செத்தா தொடாம முதல்ல கால்நடை ஆஸ்பத்திரிக்கு சொல்லுங்க. நன்றி, வணக்கம்.