படி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் என் வீடு. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். சண்டை தமிழில் நடக்கும். ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, பேரனின் காலேஜ் எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். ஸ்மார்ட் சிட்டியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது, நகரத்தில் குடியில்லாத எனக்கு அதில் என்ன பாத்தியதை என்று தயங்கினேன். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் எங்களை எந்த நகரம் கணக்கில் வைத்தது? அதையே பேசுகிறேன்.

எங்கள் பக்கம் கணக்கு என்றால் தண்ணீர்க் கணக்குதான். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையை ஒட்டிய மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். கையெழுத்தானது 1970இல். அன்று முதல் தகராறு ஓய்ந்ததில்லை. வராத வருஷம் சித்தூர் விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனாலும், இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் உட்காரும் கூட்டு வாரியம் ஒன்று இருக்கிறது. ஒருவர் சொல்லும் கணக்கை மற்றவர் மறுக்கலாம். நெல் அளக்கிற இடத்தில் படியைக் கவிழ்த்துப் பார்க்கும் உரிமை வாங்குகிறவனுக்கும் உண்டு அல்லவா, அது மாதிரி.

ஸ்மார்ட் சிட்டியில் அந்த உரிமை எங்கே என்பதுதான் என் கேள்வி.

2015 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய திட்டம், 100 நகரங்கள். கோயம்புத்தூரும் கொச்சியும் 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே இடம் பிடித்தன. திருவனந்தபுரம் அடுத்த வருஷம். 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. கோயம்புத்தூர்க் குளக்கரைகள் அழகாகியிருக்கின்றன, மறுக்க மாட்டேன். என் முழங்கால் வலிக்கு அந்த நடைபாதை ரொம்ப உபகாரம். ஆனால் வேலையை நடத்தியது கவுன்சிலர்கள் கூடும் மன்றம் இல்லை. மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்த ஒரு கம்பெனி. கவுன்சிலரைத் தெருவில் மறித்துச் சாக்கடையைக் காட்டலாம். கம்பெனி டைரக்டர்களை எந்த முக்கில் மறிப்பது?

இந்த 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. சுவர் முழுக்கத் திரைகள். தெருவிளக்கு, குப்பை வண்டி, சிக்னல், கேமரா எல்லாம் அங்கே தெரியும். கொரோனா சமயத்தில் பல ஊர்களில் அவை நன்றாகவே உதவின. ஆனால் திரையில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர் கண்ணுக்கு எது பட்டதோ அதுதான் அங்கே தெரியும்.

என் பக்கத்து வீட்டு அம்மா வேகவைத்த கடலை விற்கிறவர். பல வருஷம் பஸ் ஏறிப் போய் ஒரு குளக்கரையில் கூடை வைத்திருந்தார். கரையைப் புதுப்பித்த பிறகு ஒருநாள் மதியமே திரும்பி வந்துவிட்டார்.

"ஏனுங்க மாஷே, அங்க கம்பத்துக்குக் கம்பம் கேமரா வச்சிருக்கறாங்க. அத்தன வருசம் நான் உக்காந்திருந்தது ஒண்ணுலகூடத் தெரியலீங்களா?" என்றார்.

தெரிந்திருக்கும். இடைஞ்சலாகத் தெரிந்திருக்கும். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது என்கிறது. எந்த இடத்தில் யார் விற்கலாம் என்பதைப் பேசும் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் மணக்கடவுக் கணக்கு மாதிரியான ஏற்பாடுதான். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, குழு எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் வரும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கோயம்புத்தூருக்குக் குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க் குழாயில் டிஜிட்டல் மீட்டர் மாட்டலாம். ஒவ்வொரு குடமும் கணக்கில் ஏறும். அந்தத் தண்ணீர் தேங்கும் அணை எங்கள் பாலக்காடு மாவட்டத்து மலையில் இருக்கிறது. அங்கே மழை பொய்த்தால் மீட்டர் சுழியத்தைத் துல்லியமாகக் காட்டும்.

கனடாவின் டொராண்டோவில் கூகுளின் சகோதர நிறுவனம் ஒன்று ஏரிக்கரையில் ஸ்மார்ட் சிட்டி மாதிரி ஒரு பேட்டை கட்ட 2017இல் வந்தது. திரட்டும் தகவல் யாருக்குச் சொந்தம் என்று ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டார்கள். நிறுவனமே அமர்த்திய அந்தரங்கப் பாதுகாப்பு ஆலோசகர் மறு வருஷம் விலகினார். 2020 மே மாதம் திட்டத்தையே கைவிட்டார்கள். பொருளாதார நிலைமை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள்; இருக்கலாம்.

எங்கள் பஞ்சாயத்தில் கிராம சபை என்று ஒன்று கூடும். பயனாளிகள் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார்கள். "அவனுக்கு மாடி வீடு இருக்குது, அவனுக்கெதுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். நாகரிகமான காட்சி என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை நாற்காலிகூடப் பறந்திருக்கிறது. ஆனால் பட்டியல் மாறும்.

அடுத்த சபையில் எங்கள் நாலுமுக்கில் கேமரா வைப்பதைப் பற்றிப் பேச்சு வருகிறதாம். பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கடலைக்கார அம்மாவும் வருகிறார். கேமரா வைக்கப்போகும் கம்பத்தடியில்தான் இப்போது அவருடைய கூடை இருக்கிறது.

வணக்கம்.