யூனியன் வேலைக்கு அரசாங்கச் சம்பளமா?

[திரை: எண் டிக்கெட்டோடு காத்திருக்கும் கூட்டம். நான்கு கவுண்டர்களில் இரண்டு மூடியிருக்கின்றன.]

வணக்கம். கோலாலம்பூரில் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்தரை மணி. உங்களுக்கு முன்னால் இன்னும் முப்பது பேர். மூடிய கவுண்டரைக் காட்டி, "அங்க இருந்த அக்கா எங்க?" என்று கேட்டால், "யூனியன் மீட்டிங்" என்று பதில் வருகிறது. பக்கத்து நாற்காலி அங்கிள் உடனே ஆரம்பித்துவிடுவார்: "நம்ம வரிப்பணத்துல சம்பளம் வாங்கிட்டு சங்க வேலையா பாக்குறாங்க?"

கோபப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்த அக்கா எந்த மீட்டிங்குக்குப் போனார் என்று முதலில் கேட்க வேண்டும்.

சங்கத்தின் பெயரில் நடப்பதெல்லாம் ஒரே வேலை இல்லை. நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஊழியர்கள் சார்பில் பேசுவது ஒன்று. சங்கத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பது, ஆள் சேர்ப்பது, ஆண்டு விருந்துக்கு மண்டபம் பார்ப்பது இன்னொன்று. முதலாவது அரசாங்கத்துக்கும் தேவைப்படுகிற பேச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியும் ஆபீஸ் நேரத்தில், சம்பளத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார். அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை! இரண்டாவது, சங்கத்தின் சொந்த வீட்டு வேலை. அதற்கு வரிப்பணம் போகக் கூடாது என்பதே என் கருத்து.

கவுண்டர் காலியாக இருந்தது வேறு பிரச்சினை. மாற்று ஆள் போட வேண்டியது நிர்வாகம்.

[திரை: அமெரிக்க வரைபடம். 1978]

இந்த இரண்டு வகை வேலைக்கும் நடுவே ஒரு கோட்டைச் சட்டத்திலேயே போட்ட நாடு அமெரிக்கா. அங்கே மத்திய அரசு ஊழியர்களுக்கான சட்டம் 1978இல் வந்தது. பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கப் பிரதிநிதிக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. ஆள் சேர்ப்பு, சங்கத் தேர்தல், சந்தா வசூல் ஆகியவற்றை வேலை நேரத்துக்கு வெளியேதான் செய்ய வேண்டும். அவ்வளவு தெளிவு.

ஏன் இந்தச் சலுகை? அங்கே மத்திய அரசு ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்ய முடியாது. சந்தா கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் சந்தா கட்டாதவருக்கும் சேர்த்து சங்கம் நியாயமாகப் பேசியாக வேண்டும். காசு கொடுக்காதவனுக்கும் உழைக்கச் சொல்கிற சட்டம், அந்த உழைப்புக்கு நேரமாவது கொடுக்க வேண்டாமா?

எல்லாரும் இதை ஏற்கவில்லை. 2016 நிதியாண்டில் இப்படிப் போனது சுமார் 3.6 மில்லியன் மணி நேரம், செலவு 177 மில்லியன் டாலர் என்று அந்த நாட்டு அரசாங்கமே கணக்குக் காட்டியது. 2018இல் டிரம்ப் ஓர் ஆணை போட்டார்: ஓர் ஊழியர் தன் வேலை நேரத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் சங்கப் பணிக்குச் செலவிடக் கூடாது. 2021இல் பைடன் அதை ரத்து செய்தார். மறுபடி பதவிக்கு வந்த டிரம்ப், 2025 மார்ச்சில் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பல துறைகளில் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமையையே எடுத்துவிட்டார். சண்டை நீதிமன்றத்துக்கும் போனது. ஆனாலும் வாதம் செய்ய அவர்கள் கையில் ஓர் எண் இருந்தது பாருங்கள், அது எனக்குப் பிடிக்கிறது.

[திரை: மலேசியா. 1967]

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், பிரிவு 6. சங்கப் பொறுப்பில் இருக்கும் தொழிலாளி, எத்தனை நேரம், எதற்காக என்று எழுதி லீவு கேட்டால், நியாயமான அளவுக்கு முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். தன் முதலாளி சம்பந்தப்பட்ட தொழில் விவகாரத்தில் உறுப்பினர்கள் சார்பில் பேசப் போகிறார் என்றால், அது சம்பளத்தோடு லீவு. வேறு காரணம் என்றால் லீவு உண்டு, சம்பளம் கேட்க உரிமை இல்லை. அமெரிக்கா 1978இல் போட்ட கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற ஒன்றை நாம் 1967இலேயே போட்டுவிட்டோம்.

அப்புறம் அதே சட்டத்தைப் புரட்டிக்கொண்டே போனால், பிரிவு 52. இரண்டாம் பகுதி முதல் ஆறாம் பகுதி வரை அரசாங்கச் சேவைக்குப் பொருந்தாது. பிரிவு 6 இருப்பது அந்த இரண்டாம் பகுதியில்! ஆக, மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் வங்கியில் வேலை பார்க்கும் கிளார்க்குக்குச் சட்டம் தரும் உரிமை, இரண்டு தெரு தள்ளி அரசாங்க அலுவலகத்தில் இருக்கும் கிளார்க்குக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. அவருக்கு இருப்பது பொதுச் சேவைத் துறையின் சுற்றறிக்கைகள், அப்புறம் துறைத் தலைவரின் அனுமதி.

[திரை: நீள மேசை. இரு தரப்பு. நடுவே தண்ணீர்ப் போத்தல்கள்.]

அரசாங்க ஊழியர்கள் பேசுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது: மாஜ்லிஸ் பெர்சாமா ஜபாத்தான், அதாவது துறைக் கூட்டு மன்றம், சுருக்கமாக எம்பிஜே. நிர்வாகத் தரப்பு ஒரு பக்கம், ஊழியர் தரப்பு ஒரு பக்கம். ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும். நடப்பது ஆபீஸ் நேரத்தில்தான். அது அரசாங்கமே அமைத்த மன்றம், அரசாங்கமே அனுப்பும் அழைப்புக் கடிதம். அங்கே போகிறவர் வேலையை விட்டுப் போகவில்லை, இன்னொரு வேலைக்குப் போகிறார்.

அங்கே என்ன பேசுவார்கள்? பெரிய புரட்சி எதுவும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து போகும் பெண்களுக்கு கார் நிறுத்த இடம், ஓய்வறையில் ஓடாத ஏர்கோன், மூன்று மாதமாக வராத சீருடைத் துணி, ஓவர்டைம் கோரிக்கை தேங்கிக் கிடப்பது. தனிப்பட்ட ஒருவரின் பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றை அங்கே எடுக்க முடியாது. எடுத்தால் தலைவர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்.

சம்பளம் மாதிரி பெரிய விஷயங்கள் தேசிய அளவில் நடக்கும். அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் அங்கேதான் பேசுகிறது. 2024 மே தினத்தில் பிரதமர் அறிவித்த சம்பள உயர்வும், அந்த ஆண்டு டிசம்பர் 1இல் தொடங்கிய எஸ்எஸ்பிஏ என்ற புதிய அரசாங்கச் சம்பள முறையும் வந்தபோது, சங்கத்தில் இல்லாதவருக்கும் அதே உயர்வுதான் கிடைத்தது. அதே முறையோடு வந்த, தாதியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்ற திட்டத்தைத் தாதியர் சங்கம் எதிர்த்தது, அமலாக்கம் தள்ளிப்போனது. உறுப்பினர் கார்டு இல்லாத தாதிக்கும் அந்த மூச்சு கிடைத்தது. அமெரிக்காவில் பார்த்தோமே, அதே நியாயம்.

[திரை: ஒரு கடிதம். தேதி, நேரம், நோக்கம்.]

இப்போது சங்கப் பொறுப்பில் இருக்கும் அண்ணன், அக்காமார்களுக்கு. வாட்ஸ்அப்பில் "பாஸ், கொஞ்சம் வெளிய போறேன்" என்று தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அனுமதி இல்லாமல் பணியில் இல்லாதிருப்பது 1993ஆம் ஆண்டு நன்னடத்தை, ஒழுங்கு விதிகளின்படி நடவடிக்கைக்குரியது. சங்கச் செயலாளர் என்பது அதற்குக் கேடயம் ஆகாது. எந்தக் கூட்டம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் சார்பில் என்று எழுதுங்கள். அழைப்புக் கடிதத்தை இணையுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாஸ் மாறினால் வாய்மொழி அனுமதியும் அவரோடு மாற்றலாகிப் போய்விடும்.

சந்தாவுக்கு அலைகிற வேலை பெரும்பாலும் இப்போது இல்லை, அங்காசா என்ற கூட்டுறவு அமைப்பு வழியாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் உறுப்பினர் படிவத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொடுங்கள். அலுவலக பிரிண்டரில் தேர்தல் துண்டறிக்கை அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நியாயமான நாலு மணி நேரத்தையும் அந்த ஒரு ரிம் பேப்பர் கெடுத்துவிடும்.

துறைத் தலைவர்களும் ஒரு பதிவேடு வைக்கலாம். யார், எத்தனை மணி நேரம், எந்தக் கூட்டம் என்று மூன்றே பத்தி. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து வெளியிட்டால் கவுண்டர் முன் நிற்கிறவருக்கும் பதில் கிடைக்கும், சங்கத்துக்கும் பெயர் கெடாது. சங்கங்களே இதை முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஏனென்றால் விஷயம் இனிமேல் சிக்கலாகப் போகிறது. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பர் 15இல் அமலுக்கு வந்தது. ஒரே பணியிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் அமையலாம். போலீஸ், சிறைத்துறை, ராணுவம் மாதிரி சேவைகளில் சங்கம் சேரத் தடை அப்படியே இருக்கிறது. மற்ற இடங்களில் ஒரே துறையில் மூன்று சங்கங்கள் வந்தால், மூன்று செயலாளர்களுக்கும் நேரம் கொடுப்பதா, உறுப்பினர் எண்ணிக்கைப்படி பிரிப்பதா? உங்கள் ஆபீஸில் என்ன செய்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள்.