அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

(ஹட்டனில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பழைய தபாலட்டை சேர்க்கிறேன் என்றதும் "அதில் என்ன இருக்கிறது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்திய நம் தோட்டங்கள் எப்படி இருந்தன என்று கண்ணால் பார்க்க, இந்த அட்டைகளை விட்டால் நமக்கு அதிக வழி கிடையாது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் கோச்சி, அதாவது ரயில், வந்தது. அதிலேறி வெள்ளைக்காரப் பயணிகளும் வந்தார்கள். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் அவர்களுக்கு விற்கப் படம் பிடித்து அட்டை போட்டன. யானை, அருவி, தலதா மாளிகை, கூடவே கொழுந்து பறிக்கும் நம் பெண்கள்.

அப்படி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். தேயிலைக்கு நடுவே ஐந்தாறு பெண்கள், தலையில் கூடைக் கயிறு. ஓரத்தில் நிற்பவர் பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே பிடித்திருக்கிறார். அசையாதே என்று படம் பிடித்தவர் சொல்லியிருப்பார் போல. கீழே ஆங்கிலத்தில் 'தமிழ்க் கூலிகள், சிலோன்' என்று மட்டும் இருக்கிறது. ஆள் பேரும் இல்லை, தோட்டத்துப் பேரும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருடைய பூட்டியாகக்கூட அவர் இருக்கலாம். சேலையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் நிறம் ஏற்றுவார்கள், அந்த அச்சகம் பல வேளை ஜெர்மனியில் இருந்தது.

சரி, திருப்புங்கள். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கியிருந்தால் மிகப் பழைய அட்டை. 1902இல் பிரிட்டனும், அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நாடுகளும்தான் அந்தப் பக்கத்தைப் பிரித்துச் செய்தி எழுத இடம் விட்டன. முத்திரையில் ஏழாம் எட்வர்ட் இருந்தால், அவர் பிரிட்டிஷ் மன்னரான 1901க்கு முந்தியதாக இருக்க முடியாது. தபாற்குறி தெளிவாக விழுந்திருந்தால் ஊரும் தேதியும் கிடைத்துவிடும். முத்திரைக்காக மூலையை வெட்டி எடுக்கிறார்களே, அதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த அட்டையை எழுதியவர் மழையைப் பற்றியும் தன் காய்ச்சலைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம் ஆட்களே எழுதிய அட்டைகளும் உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்கள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அழுகைக் கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறி, நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் இங்கே லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எழுதினார்கள். படம் கிடையாது. ஆனால் பேர் இருக்கும், தோட்டம் இருக்கும், யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது எல்லாம் இருக்கும். விலை கொடுத்து வாங்க ஆளில்லாத இவற்றைத்தான் நான் இப்போது எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். லயத்தை விட்டு வீடு மாறும்போது எத்தனையோ அடுப்புக்குப் போய்விட்டன.

வீட்டுப் பெட்டியில் இருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், அட்டையின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு இறுகக் கட்டிய பொலித்தீன் பையும் ஆகாது, கடதாசி உறை போதும். யார் யாருக்கு எழுதியது என்று அம்மாயி, அப்புச்சியைக் கேட்டு, தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

இன்று கொண்டு வந்தவர்கள் வாசல் மேசைக்கு வாருங்கள். இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள். இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, அட்டையை அங்கேயே உங்கள் கையில் தந்துவிடுவார்கள்.